மேஸ்திரி அடைத்த மடை

மேஸ்திரியைக் கல்யாணத்துக்கு அழைத்தால் மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் மண்டபத்துச் சுவரைத்தான் பார்ப்பார். ஒரு கண்ணை இடுக்கி மூலையை மேலும் கீழும் அளந்துவிட்டு, "அரை அங்குலம் வெளிய சாஞ்சிருக்கு" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லி அவர் சாப்பாட்டையும் கெடுப்பார். மைத்துனர்கள் அவருக்கு வைத்த பெயர் தூக்குக்குண்டு. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் கயிற்றில் தொங்கவிடுவார்களே, அந்தக் குண்டு எப்போதும் அவர் சட்டைப்பையில் கிடக்கும். பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

முப்பத்தெட்டு வருஷம் ஊரான் வீடெல்லாம் கட்டினார். சாரத்திலிருந்து விழுந்து முட்டி போனபிறகு மகன் அவரை வேலைப் பக்கமே அண்டவிடவில்லை. வீட்டில் உட்கார்ந்து அலமாரி டப்பாக்களை நேராக அடுக்குவதும், அடுக்கியதைக் கலைத்தவர்களைத் திட்டுவதுமாகப் பொழுது போயிற்று. இத்தனையும் பொறுத்துக்கொண்ட மேஸ்திரியம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது.

"ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பினது போதும். சுவரே இல்லாத இடத்துல, கூடாரத்துல, நான் மூணு நாள் படுத்து எந்திரிக்கணும். ஒரே ஒரு தடவை."

மகள் விசாரித்து ஒரு முகாமில் இருவரையும் சேர்த்துவிட்டாள். கடலோரத்தில் மீன்பட்டி பார்க்கப் போகும் பன்னிரண்டு பேர் முகாம் அது. மீன்பட்டி என்றால் கரையிலிருந்து கடலுக்குள் அரைவட்டமாக, சிமெண்டு ஒரு சிட்டிகைகூட இல்லாமல், வெறும் கல்லை அடுக்கிய இடுப்பளவுச் சுவர். தண்ணீர் ஏறும்போது சுவர் மூழ்கிவிடும், மீன் உள்ளே வரும். தண்ணீர் வடியும்போது மீன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்தப் பட்டியை வைத்திருக்கும் குடும்பம் தங்கள் தோப்பிலேயே கூடாரம் போட இடம் கொடுத்திருந்தது.

பேருந்திலேயே வழிகாட்டிப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். "நாம இங்க விருந்தாளிங்க. சுவர் மேல ஏறக்கூடாது. ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது. கேக்காம யாரையும் போட்டோ பிடிக்கக்கூடாது."

மேஸ்திரியம்மா தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். "குறையும் சொல்லக்கூடாது."

சாயங்காலம் தண்ணீர் நன்றாக வடிந்திருந்தது. எல்லாரும் டீ குடிக்கும் நேரத்தில் மேஸ்திரி தனியாக நடந்துபோய்ச் சுவரைப் பார்த்தார். பார்த்தவர் அசந்துபோனார். கல்லோடு கல் கவ்விக்கொண்டு நின்ற அந்தச் சுவரில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் கடல் பக்கத்து வளைவில் மட்டும், பல் விழுந்த இடம்போல, இரண்டு முழத்துக்குச் சுவரே இல்லை. கற்கள் பக்கத்திலேயே குவிந்து கிடந்தன.

சரிந்துவிட்டது, பாவம், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தார். கை நமநமத்தது. முட்டி முனகியதைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் பார்த்து அடுக்கி, கடைசியில் உள்ளங்கை அளவுக் கல் ஒன்றை ஆப்பாகச் செருகி மொத்தத்தையும் இறுக்கினார். ஒரு மணி நேர வேலை. முடித்ததும் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். கூடாரத்துக்கு வந்ததும் மேஸ்திரியம்மா, "வேட்டி ஏன் நனைஞ்சிருக்கு?" என்று கேட்டார்.

"அலை" என்றார். சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அப்படி ஒரு தூக்கம் அவர் தூங்கியதில்லை.

விடிந்ததும் கூச்சல் கேட்டது. வெளியே வந்தால், பட்டிக்குள் தண்ணீர் வெள்ளியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. பட்டிக்கார அம்மாளும் இரண்டு மகன்களும் முழங்காலளவு நீரில் நின்றார்கள். வழிகாட்டிப் பெண் முகம் வெளிறிப்போய் விஷயத்தைச் சொன்னாள். மீன் முட்டையோடு இருக்கும் காலம் இது. இனி ஆறு வாரத்துக்கு அந்தக் குடும்பம் ஒரு மீனைக்கூடத் தொடாது. வந்த மீன் திரும்பிப் போகட்டும் என்று சுவரில் மடையைத் திறந்து வைத்திருக்கும். அந்த மடையை யாரோ அடைத்துவிட்டார்கள். இன்னும் அரை மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தால் அத்தனையும் மணலில் செத்துக் கிடக்கும்.

மகன்கள் கடப்பாறை போட்டு நெம்பினார்கள். மேஸ்திரியின் கட்டு அசையவில்லை.

"நம்பித்தானே இடம் குடுத்தேன்?" என்றார் பட்டிக்கார அம்மாள். "எல்லாரும் இன்னைக்கே கிளம்பிடுங்க. இனிமே யாரும் வரவேண்டாம்."

மேஸ்திரியம்மா கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு இரவு படுத்த கூடாரம். பிறகு கொடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்தால்கூட மேஸ்திரி தாங்கியிருப்பார். சாப்பிட உட்கார்ந்தவளை எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது அந்த முகம்.

நேற்று அவரை யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நான்தாம்மா அடைச்சேன்" என்றார். "கல்லை எடுக்காதீங்கன்னுதான் சொன்னாங்க, வைக்காதீங்கன்னு..."

"பேசினது போதும், இறங்குங்க" என்றார் மேஸ்திரியம்மா.

இறங்கினார். "தம்பி, கடப்பாறையை எடுத்துடுங்க. நெம்ப நெம்ப இறுகும்." கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்கடியில் விரலால் தடவினார். ஆப்புக்கல் அகப்பட்டது. முன்னும் பின்னும் ஆட்டிப் பிடுங்கியதும் மற்ற கற்கள் சொன்ன பேச்சுக் கேட்டன. மகன்கள் ஆளுக்கொன்றாக வாங்கி எறிய, மடை திறந்தது. தண்ணீர் அவர் காலை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. கெட்டுப்போன அந்த முட்டியை உரசிக்கொண்டு மீன்கள் போயின, போயின, போய்க்கொண்டே இருந்தன. மிச்சம் தங்கியவற்றை முகாம்காரர்கள் வாளியிலும் சமையல் பானையிலும் அள்ளிக் கடலில் விட்டார்கள். மேஸ்திரி கண்ணைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார்.

பட்டிக்கார அம்மாள் அந்த ஆப்புக்கல்லை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "அடைக்க எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மணி நேரம்."

"நாங்க நாலு பேரு நாள் பூரா அடைப்போம். அப்பவும் ரெண்டு தடவை சரியும்." அப்புறம் மேஸ்திரியம்மாவின் பக்கம் திரும்பி, "நீங்க மூணு நாளும் இருந்துட்டே போங்கம்மா. எல்லாரும் இருங்க" என்றார். மேஸ்திரியிடம், "ஆறு வாரம் கழிச்சு இதை அடைக்கணும். கூப்பிட்டா வருவீங்களா? கூப்பிட்டா மட்டும்."

விரட்டியிருக்கலாம், நியாயம்தான். விரட்டாமல் வேலை கொடுத்தார். ஓரமாக உட்கார் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த மனுஷனுக்கு அந்த நன்றி ஆயுசுக்கும் தீரவில்லை. கல்யாண வீடுகளில் இப்போதெல்லாம் சுவரை விட்டுவிட்டு இந்தக் கதையைத்தான் சொல்கிறார். பக்கத்து இலைக்காரர் பாடு அப்போதும் திண்டாட்டம்தான்.

ஆறு வாரம் அவர் தொலைபேசியை விட்டு நகரவில்லை. அழைப்பு வந்தபோது மேஸ்திரியம்மா கூடாரத்துக்கான போர்வையை எப்போதோ மடித்துப் பையில் வைத்துவிட்டிருந்தார். தண்ணீர் வடிந்திருந்த மடையில் மேஸ்திரி உட்கார்ந்தார். முதல் கல்லைத் தேர்ந்தெடுத்துக் கையில் ஏந்திக்கொண்டு, கரையில் நின்ற பட்டிக்கார அம்மாளை நிமிர்ந்து பார்த்தார்.

"வைக்கட்டுமாம்மா?"