டோலியை இறக்கச் சொன்னவர்

பூம்பாறைக்கு மேலே இருக்கும் அந்தச் சிற்றூரில் ஐம்பது வருஷமாக அவருக்குப் பெயர் 'பொணந்தூக்கி'. திருமலைச்சாமி என்ற பெயர் ஆதார் அட்டையில் மட்டும்தான் இருந்தது.

எழுபத்தொன்றில் நடந்த போரில் அவர் ஸ்ட்ரெச்சர் தூக்கினார். குண்டு விழும் வயலில் ஊர்ந்துபோய் ஆட்களை இழுத்துவந்தார். லீவில் வந்தபோது ஊர்க்காரர்களிடம் உள்ளதைச் சொன்னதுதான் தப்பு. பொணத்தைத் தொட்ட கை என்று டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தார்கள். அதோடு போரைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் பள்ளத்தில் வண்டி உருண்டால், வெட்கமே இல்லாமல் அவர் வாசலில்தான் வந்து நின்றார்கள்.

போன சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடம் முன்னால், ராணுவத்துக்குப் போன ஊர்க்காரர்களின் பெயர் வெட்டிய கல்லை நட்டார்கள். முதல் பெயர் பழனியாண்டி. ராணுவத்தில் புனே பக்கம் ஒரு கிடங்கில் கம்பளி அடுக்கியவர். ஊரில் டாங்கியை உடைத்த கதை சொல்லித் திரிந்தவர். "துப்பாக்கி புடிச்சவனுக்குத்தான் கல்லு. பொணந்தூக்கிக்கு எதுக்கு?" என்று பட்டியலில் திருமலைச்சாமியின் பெயரை அடித்ததும் அவரே.

கார்த்திகை மழையில் பழனியாண்டி பூண்டுத் தோட்டத்தில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். ஜீப் இறங்காத சரிவு. மகன் மனோஜ்குமார் திருமலைச்சாமி வாசலுக்கு ஓடிவந்தான்.

"ஐயா, வெரசா வாங்க. அப்பா கத்துறாரு."

"கத்துறாரா? அப்பப் பொழைச்சுக்குவாரு."

சத்தமில்லாமல் கிடப்பவனைத்தான் முதலில் தூக்க வேண்டும் என்பது போர்க்களத்தில் அவர் கற்றது. இருந்தாலும் போனார். காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, கம்பளியைக் கழியில் தொட்டில்போல முடிந்து டோலியாக்கி, நாலு பேரைத் தூக்கச் சொல்லி முன்னால் நடந்தார். ஆம்புலன்ஸ் பள்ளிக்கூடத்தருகே நின்றது. கல்லுக்கு எதிரே வந்ததும், "இறக்குங்கப்பா" என்றார்.

"யோவ், உசுரு போகுது" என்று முனகினார் பழனியாண்டி.

"போகாது. முழங்காலுக்குக் கீழதான் முறிஞ்சிருக்கு. டாங்கி உடைச்ச ஆளுக்கு இது ஒரு வலியா? எந்த ஊர்ல உடைச்சீங்கன்னு சொல்லிட்டு வண்டியில ஏறுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "உங்க பேரையும் நாளைக்கே கல்லுல வெட்டிருவோம்யா" என்றான் மனோஜ்குமார்.

"உங்கப்பா பேருக்குக் கீழயா? வேணாம். அவரு வாயால உண்மையச் சொல்லட்டும்."

டிரைவர் ஹாரன் அடித்தார். தூக்கிவந்த நால்வரும் அசையவில்லை; திருமலைச்சாமியின் முகத்தையே பார்த்தார்கள்.

"நான்... புனேயைத் தாண்டல."

"சத்தமா. மழை பெய்யுதுல்ல."

இரண்டாம் தடவை சொன்னது டீக்கடைவரை கேட்டது. பழனியாண்டி அழுதார். திருமலைச்சாமிக்கு இரக்கம் வரவில்லை; வர வேண்டும் என்றும் தோன்றவில்லை. முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

"தூக்குங்க. காலு ஆடாம."