வெதுவெதுப்பு என்றால் எவ்வளவு

ஹில்க்கா தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எதிரிகூட அவ்வளவு மட்டமாகப் பேச மாட்டான். "என் மூளை படிச்ச பிள்ளை, என் கை படிக்காத கழுதை" என்பாள். சும்மா சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

பின்லாந்தின் தெற்குக் கரையில், ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் நர்ஸ் வேலை. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் விரிகுடாவுக்கு அந்தப்பக்கம் அணு உலை தெரியும். அங்கே ஏதாவது ஆனால் அடிபட்டவர்கள் இங்கேதான் வருவார்கள். அதனால் எல்லோரும் கதிர்வீச்சுப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எட்டுப் பாடம் வீட்டுக் கணினியில், பிறகு ஒரு நாள் நேரில். நேரில் தேறாதவர்கள் கண் பிரிவுக்குப் போய்ச் சொட்டுமருந்து விட வேண்டியதுதான். அவசரப் பிரிவை விட்டுப் போவதா? ஹில்க்காவுக்கு அது உயிரையே பிடுங்குகிற மாதிரி.

அடுக்களை மேசையில் உட்கார்ந்து எட்டுப் பாடத்தையும் முடித்தாள். உடுப்பைக் கழற்றினாலே பெரும்பாலான கதிர்த்தூசி போய்விடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். தோலைத் தேய்க்கவே கூடாது, தூசி உள்ளே இறங்கிவிடும். நூற்றுக்கு நூறு!

"நூறா? கார் ஓட்டுற பரிட்சையில நீ மூணு தடவ விழுந்தவளாச்சே" என்றார் கணவர் தௌனோ.

"கார் வேற, படிப்பு வேற. பேசாம காப்பியக் குடிங்க."

கணினி வெதுவெதுப்பு என்று எழுத்தில்தான் கேட்டது. குழாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. அங்கேதான் வந்தது வினை.

நேர்ப் பயிற்சி நாளில் தீயணைப்புக்காரர் ஏஸ்கோ நோயாளியாகப் படுத்தார். அவர் கையிலும் தோளிலும் கண்ணுக்குத் தெரியாத பொடி தடவியிருந்தார்கள். ஊதா விளக்கைக் காட்டினால் மட்டும் அது மின்னும். ஹில்க்கா உடுப்பை அழகாக வெட்டி எடுத்தாள். குழாயைத் திறந்தாள். மூன்று வயதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் மேல் பலகையில், ஆவியில் வெந்தவள். அந்தக் கைக்கு எது வெதுவெதுப்பு?

"சூடு போதுமா தம்பி?"

"இன்னும் கொஞ்சம் விடுங்கக்கா, நல்லா இருக்கு" என்றார் ஏஸ்கோ. அவரும் அதே ஆவியில் வெந்தவர்தானே. "அப்படியே முதுகையும் தேய்ச்சு விடுங்க."

தேய்த்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸுகளில் ஒருத்தருக்கும் அது தப்பாகவே படவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த ரைலி விளக்கைப் போட்டாள். ஏஸ்கோவின் தோள் தக்காளியாகச் சிவந்திருந்தது. கையில் இருந்த பொடி முதுகெல்லாம் மின்னியது. ஹில்க்காவின் தொப்பி, முகமூடி, முழங்கை எல்லாம் மின்னின.

"தண்ணி நாப்பத்திநாலு டிகிரி சிஸ்டர்! முப்பத்தேழத் தாண்டக் கூடாது. இவர காப்பாத்தினீங்களா, அவிச்சீங்களா?"

"கிறிஸ்துமஸ் மரம் மாதிரி நிக்கிறேன் பாரு. தூக்கிச் சந்தையில வையி" என்றாள் ஹில்க்கா. சிரித்தாளே ஒழிய, மதியம் பட்டாணி சூப்பை அப்படியே தள்ளி வைத்துவிட்டாள்.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. பிற்பகலில் ஏஸ்கோவின் தொடையில் குழாய் வைத்துப் போலி ரத்தத்தைப் பீய்ச்ச விட்டார்கள். மேலெல்லாம் பொடி. ஒருத்தி கதிர் அளக்கும் கருவிக்கு ஓடினாள், இன்னொருத்தி தண்ணீருக்கு ஓடினாள். ஹில்க்கா முழங்காலை ஊன்றித் தொடையை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"ஏன் முதல்ல அளக்கல?" என்று ரைலி கேட்டாள்.

"ரத்தம் ஓடுது, அளந்துக்கிட்டு நிக்கவா? செத்தவனுக்கு எத்தன கதிர் இருந்தா என்ன?"

"முதல் பாடமே அதுதான். நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க."

"ஞாபகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணிக் குழாய்ப் பக்கம் போகப் பயந்து இந்தப் பக்கம் வந்தேன்."

தேறியவர்கள் பட்டியலில் ஹில்க்காவின் பெயர் ஏறியது. பக்கத்திலேயே ஒரு குறிப்பு: ரத்தம் நிறுத்த மட்டும், கழுவ விடக் கூடாது.

"அத அழிச்சிடு. முப்பத்தொரு வருஷ நர்ஸ் நான்."

"வெதுவெதுப்பாத் தண்ணி கலந்து காட்டுங்க, இப்பவே அழிக்கிறேன்."

ஹில்க்கா குழாயைத் திருகி, கையை நனைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பச்சைத்தண்ணீரும் சேர்த்தாள். "இந்தா, பச்சைப்பிள்ளையக் குளிப்பாட்டலாம்."

ரைலி வெப்பமானியை முக்கினாள். நாற்பத்தொன்று.

குறிப்பு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. வெப்பமானியில்தான் கோளாறு என்று ஹில்க்காவும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.