சம்பளத்துக்குள் உப்பு

கற்பிட்டியில் இங்கிலீஷ் என்றால் ஜெமீலா டீச்சர்தான். பக்கத்து வீட்டுக்காரி நான் சொல்கிறேன், அந்த மனுஷிக்கு அதில் தலைக்கனமும் உண்டு. போன வருஷம் அவரிடமே படித்த றுஷ்னா தெருமுனையில் வகுப்புத் தொடங்கினாள். அவ்வளவுதான், டீச்சர் வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் வாங்குகளில் பாதி காலி.

பிள்ளைகளை இழுத்தது சொற்களின் வேர். பலகையில் சம்பளத்துக்கான இங்கிலீஷ் சொல் 'சலரி' என்று எழுதுவாளாம். அது லத்தீனில் 'சலாரியம்', அதற்குள் இருப்பது 'சால்', அதாவது உப்பு என்பாளாம். அதற்கும் முன்னே, எழுத்தே இல்லாத காலத்து இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலும் உப்புக்கு அதே வேர்தானாம். சோஸும் சலாதும் அதே குடும்பமாம். வாப்பாமார் உப்பளத்தில் சம்பளம் எடுக்கும் பிள்ளைகள், இதைக் கேட்டால் விடுமா?

டீச்சருக்கு வயிறு எரிந்தது. என்னிடமே சொன்னார்: "இருபது வருஷமா தொண்ட கிழியக் கத்துறன் கமறியா, ஒரு புள்ள இப்படி வாயப் பொளந்து கேட்டதில்ல. எரியுது, பொய் சொல்லமாட்டன்."

பிழை பிடிக்கவென்றே போனில் தேடினார். ரோமச் சிப்பாய்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை என்று கண்டதும், அம்மாடி, அந்த முகத்தைப் பார்க்கவேணும்! றுஷ்னாவும் அந்தக் கதையைத்தான் சொல்லிக் குடுப்பாள் என்று நினைத்து, பிள்ளைகள் முன்னால் போட்டு உடைக்க அவள் வகுப்புக்கே போனார். வாசலிலேயே அவள் குரல் கேட்டது.

"சிப்பாய்க்கு உப்புக் குடுத்த கதைய நம்பிராதீங்க. அதுக்குச் சாட்சி இல்ல. வேர் மட்டும்தான் உறுதி."

டீச்சர் செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்தார்.

அடுத்த கிழமை றுஷ்னாவுக்குத் தொண்டை கட்டி, குரலே இல்லாமல் போனது. வகுப்பு நின்றது. பிள்ளைகள் டீச்சரிடம் திரும்பினார்கள்.

கண்ணூறு என்றால் எங்கள் பக்கம் உப்பும் செத்தல் மிளகாயும் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவோம். யாருடைய கண் என்று சந்தேகமோ, அவருடைய காலடி மண்ணும் அதில் சேரவேண்டும். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு றுஷ்னாவின் உம்மா ஸுலைஹா, டீச்சரின் கேற்றடியில் குந்தி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். டீச்சரும் பார்த்துவிட்டார். தொலைந்தது, இன்றைக்குத் தெருவே கூடப்போகிறது என்று நினைத்தேன்.

"இல்ல டீச்சர், சும்மா..." என்று ஸுலைஹா எழும்பினாள்.

டீச்சர் வெறுங்காலோடு இறங்கி வந்தார். மணலில் வலது காலை அழுத்தி வைத்து எடுத்தார்.

"அது பழைய தடம், ஸுலைஹா. இதுல எடுங்க. வீட்டுல உப்பு இரிக்கா, நான் தரட்டா?"