ஜீப்பின் முன்பாரம்

கல்லூரிப் படிப்பு முடிந்ததும் சிவகாசிக்கு அருகே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்தேன். உலக யுத்தத்துக்குப் பின் ராணுவம் ஏலம் விட்ட பழைய ஜீப் ஒன்று அங்கே இருந்தது. மழைக்காலக் கரிசலில் மாட்டுவண்டி புதைந்துவிடும். தீக்குச்சிக்கான மரத்தடிகளை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு கண்மாய்க் கரை ஏற அந்த ஜீப்பால் மட்டுமே முடியும். ஏறும்போது பின்பாரம் இழுக்க, முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பும். அவற்றை அழுத்திவைக்க ஆட்களை பானட்டின்மேல் உட்கார வைப்பார்கள்.

மணல் மூட்டை கட்டலாமே என்று மேஸ்திரியிடம் ஒருமுறை கேட்டேன்.

"மூட்டைன்னா ஏத்தணும், கட்டணும், அவுக்கணும் சார். ஆளுன்னா ஏலேன்னு ஒரு சத்தம் போதும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை, சுமை தூக்குபவர்களிலேயே பருத்த உடம்புக்காரரை மேஸ்திரி அழைத்தார்.

"ஏலே, ஒன் தொப்பைக்கு இன்னைக்குத்தாம்லே வேலை வந்திருக்கு. ஏறு!"

"தொப்பைக்குத் தனிக் கூலி உண்டுமா?" என்று சிரித்தபடியே அவர் ஏறினார்.

கரையின் பாதியில் வண்டி குலுங்கியது. ஈரத் தகரத்தில் பிடித்துக்கொள்ள ஏதுமில்லை. வழுக்கி விழுந்தவரின் முழங்கால்மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியது. மரம் நனையாமலிருக்கத் தார்ப்பாய் போட்ட பிறகே அவரைத் தூக்கினார்கள்.

மறுநாள் விபத்து அறிக்கை எழுத முதலாளி என்னை அழைத்தார். ஏறச் சொன்னது கம்பெனி என்று எழுதினால் நஷ்டஈடு தரவேண்டிவரும்.

"விளையாட்டா ஏறுனான்னு எழுதுங்க தம்பி. சிரிச்சுக்கிட்டுத்தான ஏறுனான்? நீங்களே பாத்தீகளே."

விளைவுகளை எடைபோட்டுப் பார்ப்பவன் என்று என்னைப் பற்றி எனக்கொரு பெருமை உண்டு. அன்று எடைபோட்டது என் வேலையை மட்டுமே. எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டிருந்தது. "நீங்கதான் எழுதுனீகளாமே சார். படிச்சவுக எழுதுனா நடந்தது நடந்தபடி இருக்கும்" என்றார். நான் கொண்டுபோயிருந்த சாத்துக்குடிகளைக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

நஷ்டஈடு கேட்டு அவர் போட்ட மனு தள்ளுபடியானது. காரணமாகக் காட்டப்பட்டது என் வாக்கியம், ஓர் எழுத்துகூட மாறாமல். அந்த வாரமே ஜீப்பின் பானட்டில் இரண்டு மணல் மூட்டைகளைக் கட்டினார்கள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கட்டிவிட்டார்கள்.