சும்மா போட்டா தெரியாதுல்ல

மின்சாமான் திருத்துகிறவன் பிழைப்பு ஒரு மாதிரியான பிழைப்பு. ஊரில் நாலு சாமான் கெட்டால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டால் நிறைந்துபோகும் கடை என்னுடையது. கரண்ட் கட்டணம் ஏறியதிலிருந்து யாரும் எதையும் போடுவதில்லை. போடாத சாமான் எப்படிக் கெடும்? என் கடை பில்லோ சிவப்பு எழுத்தில் வரத் தொடங்கிவிட்டது. லைனை வெட்டிவிட்டால் ஸ்குரூ டிரைவரால் முதுகு சொறிந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். பில்லைக் கண்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டுமா என்ன!

எலி போகாத பெட்டி

ஹந்தானைத் தோட்டத்து லயத்து வீடொன்றிலிருந்து ஓர் அக்கா போன் எடுத்தார். பிரிட்ஜ் கதவு மூடவில்லையாம். வெகுநாளைக்குப் பிறகு பிரிட்ஜ் வேலை! பஸ்சுக்குக்கூடக் காத்திருக்காமல் திரீவீல் பிடித்து மேடேறினேன். கதவைத் திறந்தால் மேல்தட்டில் பிள்ளைகளின் ஸ்கூல் உடுப்பு, நடுத்தட்டில் அரிசியும் மாவும், முட்டைக் குழிகளில் நூல்கண்டு, மரக்கறிப் பெட்டியில் கல்யாணச் சேலை. பேசாமல் கதவு ரப்பரை மாற்றினேன். வாய் சும்மா இருந்தால்தானே! "கரண்டப் போட்டு, குளிர் வருதான்னு பாத்துருவோமாக்கா?" என்றேன். அக்கா பிளக்கை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"ஐயோ வேணாந்தம்பி, துணியெல்லாம் ஈரமாயிரும். எலி போகாம இருந்தா போதும்."

மாப்பிள்ளைக்குச் சொல்ல ஏலாது

பக்கத்துத் தெருவில் இடியப்பம் அவித்து விற்கும் உம்மா ஒருநாள் கரண்ட் கேத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. "நல்லாத்தானே இருக்கு?" என்றேன். "அதுதான், மகன், பிரச்சின. மாப்புள்ள குளிக்க இதுலதான் தண்ணி சூடாக்குற. பில் கட்ட ஏலாது. மாப்புள்ளக்கி வாய் தொறந்து செல்லவும் ஏலாது. கெடுத்துத் தாங்க" என்றார். மகளைக் கட்டிய மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருப்பது இங்கத்து முஸ்லிம் வீடுகளில் வழக்கம். அவருக்கு மரியாதை குறைந்தால் வீட்டுக்கே குறைவு. கூலி வாங்கிக்கொண்டு கெடுத்துக் கொடுத்தது தொழிலில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் அதே கேத்தலோடு மாப்பிள்ளையே வந்து நின்றார். திருத்த வேண்டுமாம். தும்மல் வேறு. எங்கள் தொழிலுக்கென்றே ஒரு பொய் இருக்கிறது, அதைச் சொன்னேன்: "சாமான் கொழும்புல இருந்து வரணும்." அந்தக் கிழமையே உம்மா ஒரு தட்டு இடியப்பத்தோடு வந்தார்.

"மகன், அந்தச் சாமான் கொழும்புலயே ஈக்கட்டும்."

பகல் நேரப் பழுது

பன்வில தோட்டத்திலிருந்து வந்து, இங்கே சந்தையில் மரக்கறி கழுவும் வேலை செய்கிறாள் லெச்சுமி. ஒருநாள் காலையில் துவாயில் சுற்றிய ரைஸ் குக்கரை மேசையில் வைத்து, "விட்டு விட்டு வேலை செய்யுதுண்ணே, கொஞ்ச நேரம் போட்டுப் பாருங்க" என்றாள். மூடியைத் திறந்தால் உள்ளே கழுவிய அரிசி, அளவாகத் தண்ணீர். "சும்மா போட்டா தெரியாதுல்ல" என்றாள். நியாயம்தான். சோறு மல்லிகைப்பூவாக வெந்தது. பகலில் வந்து, "இன்னைக்குப் பரவால்லண்ணே" என்று தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் மறுபடி பழுது. அதற்கு மறுநாள் ஆவித்தட்டையும் சோதிக்க வேண்டுமென்று அதில் கிழங்கு இருந்தது. ஊரார் சாமானின் நோயெல்லாம் கண்டுபிடிக்கிற எனக்கு, இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை பிடித்தது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் லைன வெட்டினா நீயா தங்கச்சி வந்து கட்டுவ?" என்று சத்தம் போட்டேன். அவள் துவாயை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எங்க ரூம் லைன போன மாசமே வெட்டிட்டாங்கண்ணே. வெறகு மூட்ட வீட்டுக்காரர் விட மாட்டேங்கிறாரு. புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்து இந்தச் சோத்தத்தான் திங்குதுங்க."

பாவமாக இருந்தது. என் பில்லை நினைத்தால் பயமாகவும் இருந்தது. "நாளைக்கும் கொண்டா, பாப்போம்" என்றேன்.

கடைசி டெஸ்ட்

பயந்தது நடந்தது. என் கடை லைனையும் வெட்டிவிட்டார்கள். கதிரையை வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கமான நேரத்துக்கு லெச்சுமி குக்கரோடு வந்தாள். "இன்னைக்கு டெஸ்ட் இல்ல தங்கச்சி" என்று மீட்டர் பெட்டியைக் காட்டினேன். குக்கரைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். சரி, வேறு கடை பார்த்துக்கொண்டாள் என்று நினைத்தேன்; கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

பகல் தாண்டி, அதே துவாய்ச் சுருளோடு வந்துவிட்டாள். சந்தைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, உடைந்த தக்காளிப் பெட்டிகளை எரித்து, குக்கரின் உள்பாத்திரத்தையே நெருப்பில் ஏற்றியிருக்கிறாள். பாத்திரத்தின் அடி கரிக்கட்டையாகி நெளிந்து கிடந்தது. இனி எந்தக் குக்கரிலும் அது சரியாக உட்காராது. உள்ளே புகை மணக்கிற சோறு, ஓரத்தில் தேங்காய்ச் சம்பல். பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்தாளாம். மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

"கொஞ்ச நேரம் ஒக்காந்து சாப்பிட்டுப் பாருங்கண்ணே. வேகலன்னா சொல்லுங்க, நாளைக்கு மறுபடி கொண்டாறேன்."

ஒருவழியாக அந்தக் குக்கருக்கு உண்மையான பழுது வந்து சேர்ந்தது, ஆனால் அதைத் திருத்துகிற கூலியைத்தான் நான் சம்பலோடு முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டேன்.