குதிரில் கிடந்த துணி

யுத்தம் நடந்த வருஷங்களில் அம்பத்தூரில் பழந்துணிகளை அடுக்கிப் போர்வை தைத்துப் பிழைத்தேன். மேல்துணி மட்டும் புதிதாக இருக்க வேண்டும். அதன் விலையை எங்கள் ஊர் ஜவுளிக்கடை முதலாளி வாரத்துக்கு வாரம் ஏற்றினார். கேட்டால், “யுத்தம் நானா பண்றேன்? இஷ்டம் இருந்தா வாங்கு, இல்லாங்காட்டி நடையைக் கட்டு” என்பார். அவர் வீட்டு நெற்குதிர்களில் துணி மூட்டைகள் பதுங்கிக் கிடந்தது ஊருக்கே தெரியும். ஆனாலும் நான் கைகட்டி நின்றுதான் வாங்கி வந்தேன்.

ஒருநாள் அவரே என் வாசலுக்கு வந்தார். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். பச்சைக் குழந்தையைப் பழந்துணியில்தானே கிடத்துவோம்?

“நல்லா நைஞ்ச பொடவையில ஒரு விரிப்பு தச்சிக் குடும்மா.”

“உங்க ஊட்ல பழசு இல்லியா நைனா?”

“பழசுக்கும் வெல ஏறிகீதுன்னு அல்லாத்தையும் பாத்திரக்காரன்கிட்ட போட்டாச்சி.”

“குதிர்ல அவ்ளோ கீதே?”

“மெதுவா பேசு! அது கஞ்சி போட்ட புதுசு. கொயந்த ஒடம்பு தாங்காது.”

போர்வைக்கு வைத்திருந்த பழந்துணிகள் முரடு என்பதால், என்னிடம் இருந்த, நைந்துபோன ஒரே மாற்றுப் புடவையைக் கிழித்து, மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

“பொறந்த கொயந்த துணிக்கு நான் காசு வாங்க மாட்டேன்” என்றேன். அதைக் கேட்டாவது கூனிக் குறுகுவார் என்று நினைத்தேன். இடுப்புப் பைக்குள் நுழைந்த கையை அவர் சட்டென்று வெளியே எடுத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. பெரிய லாபம் பார்த்துவிட்டாராம்!

அதற்குப் பிறகும் அந்தக் கடையில்தான் துணி வாங்கினேன். ஆனால் கைகட்டி நின்றதில்லை. பயப்படுகிற அளவுக்கு அங்கே ஆளே இல்லை என்று தெரிந்துபோயிற்று.