கட்டாய விடுப்பு

அந்த வங்கிக்குக் கிளை இல்லாத கண்டம் இல்லை. ஒரு பக்கம் கதவைச் சாத்தும்போது இன்னொரு பக்கம் திறப்பார்கள். அதன் ஏழாவது மாடியில், கிளைக்குக் கிளை பணம் அனுப்பும் பிரிவில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்திருப்பாள். ஒருவர் பதிவு செய்வதை இன்னொருவர் சரிபார்த்து அனுமதித்தால்தான் பணம் நகரும். அந்த இன்னொருவர் அவள். டீ குடிக்க எழுந்தாலும் கணினியைப் பூட்டாமல் எழமாட்டாள். அதனால் பிரிவில் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர். சிறியவர்கள் முகத்துக்கு நேராகவே 'பூட்டக்கா' என்பார்கள். அவளும் 'என்ன?' என்று திரும்பிப் பார்ப்பாள்.

அங்கே ஒரு விதி உண்டு. இப்படிப்பட்ட நாற்காலியில் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, சேர்ந்தாற்போல இரண்டு வாரம் விடுப்பில் போயே தீர வேண்டும். ஆபீஸ் பக்கம் தலைகாட்டக் கூடாது. போனில்கூட வேலை பேசக் கூடாது. யாராவது தில்லுமுல்லு செய்து மூடி வைத்திருந்தால், அந்த இடத்தில் வேறொருவர் உட்காரும்போது பூனைக்குட்டி தானாக வெளியே வந்துவிடும் என்பது வங்கியின் எண்ணம். மேலாளர் ஒவ்வொரு வருடமும் பயிற்சி வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்வார். "அந்த ரெண்டு வாரமும் ஆபீஸ் செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கங்க!"

நடப்பு வேறு. விடுப்பில் போனவர்கள் குளியலறையில் ஒளிந்துகொண்டு போனில் வேலை சொல்வார்கள். பக்கத்து சீட்காரர், தன் மகள் பிறந்த அன்று பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு, "மூணாவது பட்டனை அமுக்குப்பா, மூணாவது!" என்று கத்தியது பிரிவில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படும் கதை.

இந்த வருடம் அவள் விடுப்பை வேறு ஒன்றுக்கு எடுத்து வைத்திருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இருட்டிய பிறகு வேலை முடிகிற பெண்களை ஆபீஸ் வண்டியில்தான் அனுப்புவார்கள். அந்த வரிசையில் கடைசி வீடு அவளுடையது. ஊரையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, எல்லோரையும் வாசலில் இறக்கிவிட்டு, தூங்கி வழிந்துகொண்டு வந்து சேர்வாள். வீட்டில் தம்பியின் கார் வாரம் முழுக்கப் போர்வை போர்த்திக்கொண்டு நின்றிருக்கும்.

"உனக்கு எதுக்குக்கா இந்த வேலை? நீ எடுத்தா முதல்ல கேட்டுக்குத்தான் வேற கதவு செய்யணும்" என்றான் தம்பி.

"செஞ்சு கொடுக்கறேன். சம்பாதிக்கறேன் இல்ல?"

பழகுநர் உரிமம் போன மாதமே வாங்கியாயிற்று. முதல் வாரம் பயிற்சிப் பள்ளி வண்டியின் கிளட்சோடு மல்லுக்கட்டியதில் போனது. இரண்டாவது வாரம் பின்பக்கமாக ஓட்டி நிறுத்தப் பழகினாள். உரிமத் தேர்வுக்கு முந்தின நாள் மேலாளர் கூப்பிட்டார். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை, யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று எடுத்தாள்.

"என்னம்மா, எப்படி இருக்கே? இங்க உன் சீட்டுல உட்கார்ந்திருக்கிற புது ஆள் எதைத் தொட்டாலும் திருப்பி அனுப்பறான். எல்லாம் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. நாளைக்குக் காலைல வந்து அவன் பக்கத்துல ஒரு மணி நேரம் உட்காரு. நீ எதையும் தொட வேண்டாம். வாயால சொன்னாப் போதும்."

"சார், நான் லீவுல இருக்கேன்."

"தெரியும்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"ஆபீஸ் செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கச் சொன்னது நீங்கதானே சார்? செத்துப்போன ஆபீஸ் போன் பண்ணுமா?"

அவர் சிரிக்கவில்லை. "பிரிவுத் தலைவர் இடம் காலியா இருக்கு. உன் பெயரைத்தான் சொல்லி வச்சிருக்கேன். இந்த வாரமே முடிவாகுது. அவசரத்துக்குக் கைகொடுக்காதவங்களை நான் எந்த முகத்தோட சிபாரிசு பண்றது?"

அந்த இடத்துக்காக அவள் எத்தனையோ வருடம் வாயைத் திறக்காமல் காத்திருந்தாள். ஆனாலும் சொன்னாள்.

"புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் கேட்டேன் சார். நேரமில்லைன்னீங்க. இப்ப நான் வந்து உட்கார்ந்தா, எதையோ மறைக்கத்தான் ஓடி வந்தாள்னு நாளைக்கு ஆடிட்ல ஒருத்தர் எழுதுவார். என்கிட்ட மறைக்க ஒண்ணும் இல்லை. நான் வரலை."

மறுநாள் காலை வாசலில் ஹாரன் சத்தம். ஆபீஸ் வண்டி. மேலாளர் அனுப்பியிருக்கிறார்.

அம்மா பதறிப்போனாள். "வண்டியே அனுப்பியிருக்காங்கடி! ஒரு எட்டுப் போயிட்டு வந்துடேன். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போயிடப் போகுது."

"கையை முறுக்கி ஊட்டினா அது சோறாம்மா?"

அவள் வெளியே வந்தாள். ஓட்டுநர் வழக்கம்போல் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்.

"அண்ணே, நான் வரலை. வண்டியைத் திருப்பிக்கங்க. டெஸ்ட்டுக்குப் போறேன்."

"என்ன டெஸ்ட்டும்மா?"

"டிரைவிங்."

அவர் முகம் ஒரு நொடி சுண்டியது. "நான் இருக்கும்போது உனக்கு எதுக்கு? என் வண்டி பிடிக்கலையா?"

"வண்டி பிடிக்கும்ணே. கடைசியா இறங்கறதுதான் பிடிக்கலை."

அவர் சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான். காலி வண்டி ஓட்டினாலும் எனக்குச் சம்பளம் உண்டு. நான் கிளம்பறேன். பின்னாடி எடுக்கும்போது அவசரப்படாதே, கண்ணாடியைப் பாரு."

தேர்வு மைதானத்தில், பின்சீட்டில் கிடந்த அவள் பைக்குள் போன் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி எரிச்சலாகக் கேட்டார்.

"எடுக்கணுமா?"

"வேண்டாம் சார். நான் லீவுல இருக்கேன்."

கண்ணாடியைப் பார்த்தாள். கம்பங்களுக்கு நடுவே வண்டி கோணலாகத்தான் நுழைந்தது. ஆனால் எதையும் இடிக்கவில்லை. அதிகாரி உதட்டைப் பிதுக்கிவிட்டு, "ம், பாஸ்" என்றார்.

விடுப்பு முடிந்து போனபோது பிரிவுத் தலைவர் இடம் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. மேலாளரே கூப்பிட்டுச் சொன்னார். வருத்தப்படுவது போலத் தெரிந்தார்.

"நீயே கெடுத்துக்கிட்டேம்மா. ஒரு மணி நேரம்."

"அந்த ஒரு மணி நேரம் என்னோடது சார்."

கழிவறையில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். கொஞ்சம் அழுதாள் என்றும் வைத்துக்கொள்ளலாம். பிறகு வந்து, குவிந்து கிடந்ததை ஒவ்வொன்றாக எடுத்தாள். திருப்பி அனுப்பப்பட்டவற்றில் பாதிக்குமேல் புது ஆள் செய்தது சரிதான். அதை அவனிடமே சொன்னாள். பாவம், அன்றைக்குத்தான் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்து விடுப்பில் போகவேண்டியவர் பக்கத்து சீட்காரர். கிளம்புகிற அன்று அவர் அவள் மேசை அருகே வந்து நின்றார்.

"பூட்டம்மா, போனை அணைச்சு வைக்கப்போறேன். நம்ம சார் மேலே விழுந்து கடிப்பாரோ?"

"கடிச்சாப் பல்லுதான் போகும்" என்றாள் அவள்.

அந்த இரண்டு வாரமும் அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. அவர் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது.

தம்பியின் கார் போர்வையைக் களைந்தது. பெட்ரோல் அவள் செலவு, கேட்டுக் கதவு இன்னும் பழையதுதான். ஒரு மாலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேலாளரின் கார் பழுது பார்க்கும் கடையில் இருந்தது போலிருக்கிறது. வாசலில் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து அவள் வண்டியை நிறுத்தினாள்.

"ஏறுங்க சார், உங்க வீட்டு வழியாத்தான் போறேன்."

அவர் ஓடி வந்து பின்கதவைத் திறந்தார்.

"சார், முன்னாடி வாங்க."

"பரவாயில்லைம்மா, எனக்குப் பின்னாடிதான் பழக்கம்."

"எனக்குப் பழக்கமில்லை சார். முன்னாடி வாங்க, இல்லேன்னா கதவைச் சாத்துங்க. மழை உள்ளே வருது."

அவர் சுற்றி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார். முதல் சிக்னல்கூட வரவில்லை, ஆரம்பித்துவிட்டார்.

"நாளைக்குக் காலைல அந்தப் பெரிய தொகை வருதே, அதை நீ..."

"சார்" என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்தபடி. "பெல்ட்டைப் போடுங்க."